மார்கழியில் முருங்கைக்காய் சாம்பார் எதற்கு?

காய்கறி வாங்கப் பட்டியல் எழுதிக்கொண்டு போகக் கூடாது என்பது என் கட்சி. ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் சாம்பார், திங்கட்கிழமை கேரட் பொரியல் என்று வீட்டிலேயே தீர்மானித்துவிட்டுக் கிளம்பினால், சந்தையில் எது மலிந்து கிடக்கிறது என்பது கண்ணில் படவே படாது.

முருங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் தெருவுக்குத் தெரு காய்த்துத் தொங்கும். கேட்காமலே பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்புவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ உதிர்ந்து, மார்கழியில் வரத்து விழுந்துவிடும். அப்போது மகாராஷ்டிரத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் கோயம்பேட்டுக்கு லாரியில் காய் வரும். கிலோ 300 ரூபாயைத் தாண்டிய வருடங்களும் உண்டு. அந்த விலைக்கு வாங்கி, சாம்பாரில் நாலு துண்டு மிதக்கவிட்டு, அதையும் பிள்ளைகள் தட்டோரத்தில் ஒதுக்கிவைப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். அதே மார்கழியில் அவரையும் மொச்சையும் வந்து குவிகின்றன. பொங்கலன்று வைக்கும் பல காய்க் குழம்பில் பரங்கி, அவரை, மொச்சை, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி எல்லாம் ஏன் சேர்கின்றன? தை பிறக்கும்போது தோட்டத்தில் இருப்பவை அவைதாம்.

என் பாடு உழவர் சந்தையோடுதான். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்தார்கள். அடையாள அட்டை பெற்ற விவசாயிகள்தாம் அங்கே விற்கலாம். மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதல், வெளிக்கடை விலையைவிட 15 சதவீதம் குறைவு என்பது விலை வைக்கும் கணக்கு. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிவைப்பார்கள். முதலில் அதைப் படியுங்கள். எவையெவை மலிவோ அவற்றைப் பாருங்கள்; குழம்பா கூட்டா என்று அப்புறம் யோசிக்கலாம். மலிவு என்பதற்காக வாடலை வாங்கச் சொல்லவில்லை. கத்தரிக்காயின் காம்பு பச்சையாக இருக்க வேண்டும், வெண்டைக்காயின் நுனி பட்டென்று ஒடிய வேண்டும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. 'எல்லாம் உள்ளூர்க் காய், நாட்டுக் காய்' என்று அட்டை ஒட்டி இரட்டை விலை வைக்கிறார்கள். எந்த ஊர்க் காய் என்று கேட்டுப்பாருங்கள், விழிப்பார்கள். பெரிய வெங்காயம் நாசிக்கிலிருந்து வருகிறது, கேரட் நீலகிரியிலிருந்து இறங்குகிறது. வரட்டும், அவற்றை வாங்குவது பாவமில்லை. பத்து கிலோமீட்டரில் விளையும் காயை விட்டுவிட்டு எப்போதும் அவற்றையே வாங்குவதுதான் எனக்கு உறுத்துகிறது.

காலையிலேயே போக வேண்டுமே, வேலைக்குப் போகும் பெண்களால் முடியுமா என்று கேட்பார்கள். பெண்கள்தாம் போக வேண்டும் என்று யார் சொன்னது? நடைப்பயிற்சிக்குப் போகும் ஆண்கள் திரும்பும் வழியில் ஒரு பையோடு சந்தைக்குள் நுழையலாம். அவர்கள் இரண்டு முழப் புடலங்காயோடு வந்து நின்றால், 'இதை யார் வாங்கச் சொன்னது?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அடுத்த வாரம் பையைத் தொட மாட்டார்கள்.