பட்டனைத் தட்டினால் வந்துவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரில், என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொன்ன கூட்டத்தில் நடந்தது இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அதனால் முழுக் கதையையும் சொல்லவில்லை. பேசியவர் பெயரையும் எழுதப் போவதில்லை. அவர் சொன்னது மட்டும் மூன்று நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "ஆக்சுவரி வேலையெல்லாம் முடிஞ்சு போச்சுப்பா. ஐஎஃப்ஆர்எஸ் 17க்கு டூல் வந்தாச்சு. பட்டனைத் தட்டினா ரிசல்ட் வந்துடும்."

அதற்கு அடுத்து அவர் சொன்னதை அப்புறம் சொல்கிறேன். முதலில் இந்தப் பட்டன். ஆக்சுவரி என்றால் காப்பீட்டு நிறுவனத்துக்கு வருங்கால வரவு செலவைக் கணக்குப் போட்டுச் சொல்கிறவர். ஐஎஃப்ஆர்எஸ் 17 என்பது காப்பீட்டுப் பாலிசிகளுக்கு எப்படிக் கணக்கு எழுத வேண்டும் என்று சொல்கிற சர்வதேசத் தரநிலை. டூல் என்றால் அந்தக் கணக்கைப் போடுகிற மென்பொருள்.

நான் அந்த டூலில்தான் வேலை செய்கிறேன். ஏழு வருஷமாக. தினமும் காலையில் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, கிண்டியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் போய் அந்தப் பட்டனைத் தட்டுகிறவள் நான். தட்டினால் ரன் ஓடும், அதாவது மொத்தக் கணக்கும் ஓடும். ரிசல்ட்டும் வரும். அது சரியா தப்பா என்பது மட்டும் தட்டினால் வராது.

இந்தத் தரநிலை என்ன கேட்கிறது என்று என் அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். ஒரு பாலிசி விற்கிறோம். இனி வரப்போகிற பிரீமியம் எல்லாம் சேர்ந்து இன்றைய மதிப்பில் 1,000 ரூபாய். இறப்பு, முதிர்வு, செலவு என்று வெளியே போகப் போவது இன்றைய மதிப்பில் 850. நாம் நினைத்தபடி நடக்காமல் போகலாம், அதற்காக ஒரு 50. மிச்சம் 100. அந்த 100ஐ விற்ற அன்றைக்கே லாபம் என்று எழுதக் கூடாது. அதற்குப் பெயர் சிஎஸ்எம். பாலிசி ஓடுகிற வருஷங்களில் சேவை கொடுக்கக் கொடுக்கத்தான் அது லாபத்துக்கு வரும். சரி, வெளியே போவது 850 இல்லை, 980 என்றால்? 30 நஷ்டம். அதை முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

அம்மா உடனே சொன்னாள்: "ஏலத்துல எடுக்கும்போதே நஷ்டம்னு தெரிஞ்சா அன்னிக்கே எழுதிக்க வேண்டியதுதானே?" காசிமேட்டில் முப்பது வருஷம் மீன் விற்றவள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

நல்ல பாலிசியையும் நஷ்டப் பாலிசியையும் ஒரே கூடையில் போட்டு ஒன்றால் இன்னொன்றை மறைக்கவும் கூடாது. ஒரே மாதிரி ஆபத்துள்ளவை ஒரு தொகுப்பு. அதற்குள் ஒரு வருஷத்துக்கு மேல் இடைவெளி விட்டு விற்றவை தனித்தனி. அதற்குள்ளும் மூன்று கூடை: ஆரம்பத்திலேயே நஷ்டம், நஷ்டமாகப் பெரிய வாய்ப்பில்லாதவை, மற்றவை. ஆயிரக்கணக்கான பாலிசிகளை இப்படிப் பிரித்து, ஒவ்வொரு கூடைக்கும் வருஷா வருஷம் சிஎஸ்எம் கணக்கு வைக்க வேண்டும். இதற்குத்தான் டூல். ப்ராஃபெட், ஆக்சிஸ் என்று எதை எடுத்தாலும் இதே வேலைதான்.

இப்போது சொல்லுங்கள், அந்த 850 எங்கிருந்து வந்தது? எத்தனை பேர் இறப்பார்கள், எத்தனை பேர் நடுவில் பாலிசியை விடுவார்கள், செலவு எவ்வளவு ஏறும், எந்த வட்டி விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது? நாம் சொன்னால்தான் டூலுக்குத் தெரியும். அந்த 50ஐ எப்படி அளப்பது என்று தரநிலையே ஒரு குறிப்பிட்ட முறையைச் சொல்லவில்லை. நிறுவனம் முடிவு செய்து, அது எத்தனை சதவீத நிச்சயத்துக்கு ஒத்தது என்று வெளியில் சொல்ல வேண்டும். ஆடிட்டர் வந்து கேட்பார். அவரிடம் போய் "சிஸ்டம் அப்படித்தான் கொடுத்தது" என்று சொல்ல முடியுமா?

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளரின் காலாண்டு ரன். ராத்திரி முழுக்க ஓடி, காலையில் எல்லா வரியும் பச்சையாக முடிந்திருந்தது. எர்ரர் ஒன்றுகூட இல்லை. ஆனால் போன முறை நன்றாக இருந்த ஒரு கூடை திடீரென்று நஷ்டத்தில் விழுந்திருந்தது. எல்லோரும் வட்டி விகிதத்தைத்தான் சந்தேகப்பட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தக் கூடையிலிருந்து ஒரே ஒரு பாலிசியை எடுத்து, எக்செலில் மாசம் மாசமாகக் கையால் கணக்குப் போட்டேன். இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. அந்தப் பாலிசிதாரர் மாசம் 50 பவுண்டு கட்டுகிறவர், வருஷத்துக்கு 600. மாடல் பாயிண்ட் ஃபைலில், அதாவது பாலிசி விவரங்களை டூலுக்குக் கொடுக்கிற ஃபைலில், மாசத் தவணை என்பதற்கான குறியீடு 12 இருக்க வேண்டிய இடத்தில் 1 இருந்தது. பழைய சிஸ்டத்திலிருந்து மாற்றிய பாலிசிகளுக்கு மட்டும் இப்படி. டூல் அதை வருஷத்துக்கு ஒரே தவணை என்று எடுத்துக்கொண்டு, வருஷம் முழுக்க 50 பவுண்டுதான் வரும் என்று கணக்குப் போட்டுவிட்டது. டூல் மேல் தப்பே இல்லை. கொடுத்ததை வைத்து அச்சுப் பிசகாமல் செய்தது. தப்பை அச்சுப் பிசகாமல் செய்தது.

பட்டனைத் தட்டினால் வந்துவிடும் என்றால் உலகம் ஏன் இவ்வளவு அவகாசம் கேட்டது? இந்தத் தரநிலை 2017 மே மாதம் வெளியானது. 2021இல் அமலுக்கு வர வேண்டியது, தள்ளிப்போய் 2023 ஜனவரி 1ஆம் தேதிதான் வந்தது. ஐந்தரை வருஷத்துக்கு மேல். நம் நாட்டில் இதே தரநிலையை இண்ட் ஏஎஸ் 117 (இந்தியக் கணக்கியல் தரநிலை) என்று 2024 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தது. வேலை முடிந்து போகவில்லை, நம் வாசலுக்கு இப்போதுதான் வருகிறது.

"டூல் வேண்டாம் என்கிறாயா?" என்று யாராவது வருவார்கள். இல்லை. டூல் இல்லாமல் இதைச் செய்யவே முடியாது. எனக்குச் சோறு போடுவதும் அதுதான். "ஏஐ வந்தால் இதையும் பார்த்துக்கொள்ளும்" என்று இன்னொருவர் வருவார். வரட்டும். கையெழுத்துப் போடுகிறவர் மனுஷராக இருக்கிற வரைக்கும் அவருக்குப் பக்கத்தில் விளக்கம் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இதற்கு மேல் அந்தப் பேச்சுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

"தேர்வுகள் கஷ்டம், வருஷக்கணக்காக இழுக்கும், பணம் செலவாகும்" என்று அவர் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன். அது உண்மை. ஆக்சுவரி படிப்புக்கான ஏசெட் நுழைவுத் தேர்வு தாண்டினால் அதற்கப்புறம் எத்தனையோ தாள். நானே ஒரு தாளில் இரண்டு முறை தோற்றிருக்கிறேன், இன்னும் முடிக்கவில்லை. அதைச் சொல்லி எச்சரிப்பது வேறு. படிக்காதே என்பது வேறு.

இந்த வேலையில் எண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் பாடப்புத்தகமும் இல்லை. 2003 மே மாதம் அம்மா ஒரு பாலிசி எடுத்தாள். வருஷத்துக்கு ஒரு தவணை. முதல் வருஷம் கட்டினாள், 2004 மே மாதமும் கட்டினாள். அந்த டிசம்பர் 26இல் சுனாமி. எங்களுக்குத் தெரிந்தவர்கள் படகு, வலை எல்லாம் போயிற்று. மூன்றாவது தவணை வந்தது 2005 மே மாதம். மே என்றால் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் நடுவிலிருந்து விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டில் இருந்தது அரிசி வாங்கவே போதவில்லை. முப்பது நாள் சலுகைக் காலமும் போயிற்று. அப்போதைய விதிப்படி மூன்று வருஷம் கட்டியிருந்தால்தான் சரண்டர் மதிப்பு, அதாவது நடுவில் விட்டால் திரும்பக் கிடைக்கிற பணம். இரண்டு வருஷம் கட்டியது அப்படியே போயிற்று. இப்போது விதி மாறிவிட்டது. 2024 அக்டோபரிலிருந்து ஒரு வருஷம் முழுசாகக் கட்டியிருந்தாலே ஏதாவது கிடைக்கும். அம்மாவுக்கு அது உதவவில்லை. அந்தப் பத்திரத்தை அரிசி டப்பாவுக்குக் கீழே இன்னும் வைத்திருக்கிறாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் லாப்ஸ் அட்டவணையைத் திறந்தேன். எந்த வருஷத்தில் எத்தனை சதவீதம் பேர் பாலிசியை விடுவார்கள் என்ற அட்டவணை. மூன்றாவது வருஷத்துக்கு எதிரே ஒரு விகிதம் இருந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் அம்மா. அந்த விகிதத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் சிஎஸ்எம் மாறுகிறது, லாபம் மாறுகிறது. எதற்காக நகர்த்துகிறோம், எந்த அனுபவத்தை வைத்து நகர்த்துகிறோம் என்று கேட்க ஆள் வேண்டாமா? தவணை மே மாதத்தில் வந்தால் மீனவர் வீட்டில் என்ன ஆகும் என்று தெரிந்த ஆள் அந்த அறையில் இருக்க வேண்டாமா?

இப்போது அவர் அடுத்துச் சொன்னது. "உங்க ஏரியாவுக்கு டெலிகாலிங், டேட்டா என்ட்ரி மாதிரி சட்டுனு கிடைக்கற வேலையைப் பாருங்க."

உங்க ஏரியா. வடசென்னையைத்தான் சொல்கிறார். அந்த வேலைகளைக் குறைத்துச் சொல்லவில்லை. என் தங்கை டெலிகாலிங்கில்தான் இருக்கிறாள், வீட்டு வாடகை அவள் சம்பளம். ஆனால் அவர் இதையே தென்சென்னையில், அடையாறில் சொல்லியிருப்பாரா? என் முதல் இண்டர்வியூவில் "எங்கே இருக்கீங்க?" என்று கேட்டார்கள். சொன்னேன். "அங்கேயிருந்தா?" என்றார் ஒருவர். வேறு எதுவும் சொல்லவில்லை. ஏழு வருஷம் ஆகிறது, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. இதே பக்கத்தில் இருக்கிற துறைமுகத்தில்தான் 1912இல் ராமானுஜன் மாசம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதினார். எங்கள் பக்கத்துக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஏலக்கூடத்தில் விடிகாலை மூன்று மணிக்கு வந்து பாருங்கள், மனக்கணக்கு எந்த வேகத்தில் ஓடுகிறது என்று.

வீடியோவின் கடைசியில் ஓரமாக ஒரு பெண் தெரிகிறாள். பச்சை சுடிதார், கையில் நோட்டு. கேள்வி கேட்க எழுந்து நிற்கிறாள். அவர் அந்த வார்த்தையைச் சொன்னதும் நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். மேடையில் யாரும் கவனிக்கவில்லை.

அவளைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன். அந்த ஒரு பாலிசிக் கணக்கை எக்செலில் முதல் வரியிலிருந்து அவளோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள்.