சிசியை விட எடையைப் பாருங்கள்
'100 சிசி (இன்ஜின் அளவு) பைக் ஓட்டிப் பழகியவர் அடுத்து நேராக 350 சிசிக்குப் போகலாம், வேகம்தான் பழக வேண்டும்' என்கிறது பைக் வாங்குவது பற்றிய ஒரு கட்டுரை. வேகம் பழகிவிடும், எடைதான் சிக்கல். 100 சிசி வகையில் ஹீரோ ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ, 350 சிசியில் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஓடும்போது தெரியாது, திருநெல்வேலி டவுன் ரதவீதி நெரிசலில் காலை ஊன்றி ஊன்றி நகரும்போதும், சரிவில் நிறுத்திய வண்டியைப் பின்னால் இழுக்கும்போதும் தெரியும். ஊன்றிய கால் மணலில் வழுக்கினால் சோலி முடிந்தது. அப்புறம், காவல்கிணறு பக்கம் ஆனி, ஆடிக் காற்றுக்குக் கனமான வண்டிதான் நல்லது என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு அண்ணாச்சி சொல்வது சரிதான். ஆனால் அந்தக் காற்றுக்காக வருஷம் முழுக்க வண்ணார்பேட்டையில் 195 கிலோவை உருட்டணுமா? என் மச்சான் 150 சிசியில், 140 கிலோ அளவில் ஒன்று எடுத்தான். பின்னால் ஆளை வைத்துக்கொண்டே புளியரை மலைச்சாலையின் எஸ் வளைவில் திணறாமல் ஏறுகிறது. ஷோரூமில் ஓட்டிப் பார்க்கும் முன், இன்ஜினை அணைத்துவிட்டு நாலடி பின்னால் தள்ளிப் பாருங்கள்.