வின்ச்சின் பிரேக்கில் கிரீஸ் பூசாதீர்கள்

வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவியான வின்ச்சைப் பற்றி, "வின்ச்சைப் பிரித்தால் உள்ளே எல்லாவற்றையும் கிரீஸால் நிரப்பி மூடுங்கள், தண்ணீர் நுழையாது" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பற்சக்கரங்களைப் பொறுத்தவரை அது பாதி சரி. பிரேக்கைப் பொறுத்தவரை முற்றிலும் தவறு.

பல மின்சார வின்ச்சுகளில் பிரேக், கயிறு சுற்றப்படும் உருளையான டிரம்முக்குள்ளேயே, மோட்டாரிலிருந்து பற்சக்கரங்களுக்குப் போகும் தண்டின் மேல் இருக்கிறது. அதன் உராய்வுப் பட்டைகள் டிரம்மின் உட்சுவரைக் கவ்விக்கொள்வதால்தான், சுவிட்சிலிருந்து கையை எடுத்த பிறகும் வண்டி சரிவில் நிற்கிறது. அங்கே கிரீஸ் பட்டால் பிடி வழுக்கும்; சுமையோடு டிரம் மெல்ல மெல்லப் பின்னோக்கி உருளும். கீழே ஆள் நின்றால் உயிருக்கே ஆபத்து. கிரீஸ் ஊறிய பட்டையைத் துடைத்து மறுபடி மாட்டுவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. மாற்றிவிடுங்கள்.

சுமையுடன் கயிற்றை வெளியே விடும்போது மோட்டார் பிரேக்கை எதிர்த்தே சுழல்வதால் டிரம் கடுமையாகச் சூடேறும். செயற்கை இழைக் கயிறு சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அளவுக்கு மீறித் திணித்த கிரீஸும் அந்தச் சூட்டில் இளகி பிரேக் பக்கம் வழியும்.

பற்களின் மேல் படலமாகப் பூசினால் போதும். தண்ணீரைத் தடுப்பது சீலின் (இடைவெளியை அடைக்கும் வளையத்தின்) வேலை. பிரிக்கும்போதே புதிது போடுங்கள். எண்ணெயில் ஓடும் வகைகளுக்கு அவற்றின் கையேடு சொல்வதே முறை. மூடிய பிறகு, லேசான சரிவில் வண்டியை இழுத்து நிறுத்தி, டிரம்மின் விளிம்பிலும் சட்டத்திலும் சேர்த்து ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். கோடு விலகினால் மறுபடியும் பிரிக்க வேண்டியதுதான்.