ரிப்போர்ட் நெகட்டிவ் ஆனது சரி, எதனால் ஆனது?

கீழாநெல்லிப் பொடியால் ஹெபடைட்டிஸ் பி மாறிவிட்டது என்று ஒரு வைத்தியர் போட்ட அந்த வீடியோவைப் பற்றி இனி வாயே திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை அதன் கீழே நான் போட்ட கமெண்டுக்கு வந்த பதில்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "மருந்துக் கம்பெனி கைக்கூலி." "ரத்தம் எடுக்கிற பொம்பளைக்கு வைத்தியத்தைப் பத்தி என்ன தெரியும்?" "தமிழ் மருத்துவத்துக்குத் துரோகி." இதில் மூன்றாவதுதான் இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் பி, அதாவது கல்லீரலைத் தாக்கும் பி வைரஸ், பாசிட்டிவ். கீழாநெல்லிப் பொடியை ஒரு மண்டலம் சாப்பிட்டார். மறுபடி சோதித்தால் நெகட்டிவ். இரண்டு ரிப்போர்ட்டையும் கேமராவில் காட்டுகிறார்கள். ரிப்போர்ட் பொய் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பொடியால்தான் நெகட்டிவ் ஆனது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இதைத்தான் கேட்டேன்.

நான் லேபில் வேலை செய்பவள். டாக்டர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரத்தத்தில் பி வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் இந்த ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. டெஸ்ட்டைத் தினமும் பார்க்கிறேன். வளர்ந்தவர்களுக்குப் புதிதாக பி வைரஸ் தொற்றினால், நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு உடம்பே அதை விரட்டிவிடும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் ரிப்போர்ட் தானாக நெகட்டிவ் ஆகும். பொடி சாப்பிட்டாலும் ஆகும், சாப்பிடாவிட்டாலும் ஆகும். ஆறு மாதத்துக்கு மேலும் பாசிட்டிவாகவே இருந்தால்தான் அது நாள்பட்ட தொற்று. குழந்தையாக இருக்கும்போதே தாயிடமிருந்து தொற்றியவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் தங்கிவிடும். அவர்களிலும் ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அளவில், எந்த மருந்தும் இல்லாமலே நெகட்டிவ் ஆகிறார்கள். வீடியோவில் வந்தவர் இதில் எந்த வகை? முதல் டெஸ்ட்டுக்கு எவ்வளவு நாள் முன்பு தொற்றியது? அந்த வைத்தியர் கேட்கவே இல்லையே.

"கீழாநெல்லி காமாலைக்கு ஆகாதா? எங்க பாட்டி கொடுத்தாங்க, ஒரு வாரத்தில் கண் வெளுத்தது" என்கிறீர்கள். எங்கள் ஆச்சியும்தான் கொடுத்தார், மோரில் அரைத்துக் கலக்கி. தண்ணீராலும் சாப்பாட்டாலும் பரவும் ஏ வகை, ஈ வகை காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கும். ஆச்சி மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் குடித்தவரைப் போலவே குடிக்காதவரும் தேறியிருக்கிறாரா என்று பார்க்காமல், மருந்தால்தான் தேறினார் என்று சொல்ல முடியாது.

அப்படிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதுவும் நம் சென்னையில். என்னைத் துரோகி என்றவர்களுக்கு இது தெரியுமா? 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும் அவரோடு வேலை செய்தவர்களும் கீழாநெல்லியை பி வைரஸ் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதில் பெயர் போட்டிருந்த இன்னொருவர் பரூக் பிளம்பெர்க். பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கியவர். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் நெகட்டிவ். மருந்தில்லாத வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆக, நம் மூலிகையை யாரும் ஒதுக்கிவிடவில்லை. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அதே செடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் குழு, நாள்பட்ட பி தொற்றுக்கு இது வெற்றுப் பொடியைவிட மேல் என்று நம்புவதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. நெகட்டிவ் ஆனவரை மட்டும் வீடியோவில் காட்டிவிட்டு இந்த மறு பாதியை மறைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூலிகையிலிருந்து மருந்தே வராது என்று நான் சொன்னதாக வேறு எழுதியிருக்கிறார்கள். எங்கே சொன்னேன்? மலேரியாவுக்கு இன்று கொடுக்கும் ஆர்ட்டிமிசினின் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். சீனாவில் து யூயூ பழைய ஏடுகளைப் புரட்டும்போது, அந்தச் செடியைக் கொதிக்க வைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லும் ஒரு குறிப்பைப் பார்த்தார். சூட்டில் மருந்து கெடுகிறதோ என்று யோசித்து, குறைந்த சூட்டில் ஈதரில் சாறு இறக்கினார். எலிக்குக் கொடுத்துச் சோதித்தார், தாமே குடித்தும் பார்த்தார். 2015இல் நோபல் கிடைத்தது. முன்னோரை மதிப்பது என்றால் எனக்கு இதுதான். சோதிக்காதே என்று சண்டைக்கு வருவது மதிப்பு இல்லை.

இனி என் வீட்டுக் கதை. சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் நேற்று அதே வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள், என் தம்பியும் இருக்கிற குழுவில்.

தம்பி என்றால் சித்தி மகன். எங்கள் ராமநாதபுரம் பக்கம் எல்லாப் பையன்களையும் போலச் சவுதிக்குக் கிளம்பினான். கல்ஃப் வேலைக்குப் போகுமுன் எடுக்கும் மெடிக்கல் டெஸ்ட்டில் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ், அன்ஃபிட். அப்போது அவன் உடம்பில் ஒரு குறையும் இல்லை. காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இது என்ன நோய், வீட்டில் யாரைச் சோதிக்க வேண்டும், எங்கே போக வேண்டும், ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஒரு வார்த்தை இல்லாத இடத்தில்தான் பொடி வைத்தியர் வந்து உட்கார்ந்தார். "நெகட்டிவ் ஆக்கித் தர்றேன் தம்பி, விசா போகாது" என்றார். ஒரு மண்டலம் முடிந்தது. பாசிட்டிவ். பத்தியம் சரியில்லை, இன்னொரு மண்டலம் என்றார். சித்தியின் வளையல் அடகுக்குப் போனது. எப்படியும் மாறிவிடப் போகிறதே என்று பெண் வீட்டில் சொல்லாமலே கல்யாணம் செய்தார்கள். அந்தப் பெண் கர்ப்பமானபோது அரசு மருத்துவமனையில் எடுத்த டெஸ்ட்டில் அவளுக்குத் தொற்று இல்லை என்று வந்தது. யாருடைய அக்கறையாலும் அல்ல. தப்பினாள், அவ்வளவுதான்.

சில வருடம் கழித்து அவன் வயிறு வீங்கி, ரத்த வாந்தி எடுத்து அட்மிட் ஆனான். கல்லீரல் சுருங்கிவிட்டது என்றார்கள். இன்று டெனோஃபோவிர் என்ற வைரஸ் மாத்திரையில் இருக்கிறான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அவனுக்கு அந்த வீடியோவைக் காட்டி "இதை ட்ரை பண்ணு" என்கிறீர்கள்.

அலோபதியில் மட்டும் குணமாகிவிடுமா என்று கேட்டார் ஒருவர். நியாயமான கேள்வி. பெரும்பாலும் ஆகாது. டெனோஃபோவிர் வைரஸை அடக்கி வைக்கும், பெரும்பாலானவர்களுக்கு அடியோடு அழிக்காது. டாக்டர் இந்த உண்மையைச் சொல்கிறார், பொடிக்காரர் அழித்துவிடுவேன் என்கிறார். பயந்து நிற்கும் வீடு யாரிடம் போகும்? இதற்காக டாக்டர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பேசியிருந்தால் தம்பி அங்கே போயிருக்க மாட்டான்.

மருந்து மாஃபியா என்பவர்களுக்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. 2018இல் தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் திட்டத்தில் இந்த மாத்திரையை அரசு இலவசமாகத் தருகிறது. வளையல் அடகுக்குப் போனது பொடிக்கு.

மூலிகைக்குப் பக்கவிளைவே இல்லை என்பவர்களுக்கு ஒன்று. கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. சரி, வாதிடட்டும். ஆனால் ஏற்கெனவே கல்லீரலில் வைரஸ் இருப்பவருக்கு, என்ன கலந்தது என்று லேபிள்கூட இல்லாத பொட்டலத்தை எந்தத் தைரியத்தில் கொடுக்கிறீர்கள்?

வீடியோ போட்டவரிடம் மறுபடி கேட்கிறேன். எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? எத்தனை பேருக்கு மாறவில்லை? ஆறு மாதத்துக்கு மேல் பாசிட்டிவாக இருந்தவர்கள் எத்தனை பேர்? ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் வைரல் லோடு ரிப்போர்ட் எங்கே? பதில் இருந்தால் இங்கேயே போடுங்கள், நானே ஷேர் செய்கிறேன்.

பாசிட்டிவ் என்று காகிதம் வாங்கி வந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: ஒன்றாகச் சாப்பிடுவதால், கட்டிப் பிடிப்பதால் இது பரவாது, வீட்டில் தனித் தட்டு வேண்டாம். ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகப் பரவும். பிளேடையும் பிரஷையும் பகிராதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது, ஆனால் எல்லோருக்கும் தொடர்ந்து பரிசோதனை தேவை. மனைவியையும் பிள்ளைகளையும் சோதித்து, தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடுங்கள். கர்ப்பிணிக்குப் பாசிட்டிவ் என்றால் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குழந்தைக்குத் தடுப்பூசியும், இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் பிறந்தவுடனே, 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.