பாலத்துக்கு அடியில் ஒன்பது நிமிடம்

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு குறும்படப் போட்டிக்குப் போயிருந்தேன். மொத்தம் 17 படம். பார்த்த படங்களில் ஒன்று மட்டும் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. அதில் கதை என்று ஒன்றுமே கிடையாது.

எடுத்தவன் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பையன். இடம், நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழ்த்தளம். ட்ரைபாடை ஊன்றியதோடு சரி, கேமரா அசையவே இல்லை. விடிகிற நேரம். மேலே பஸ் போகும்போதெல்லாம் தளம் அதிர்கிற சத்தம் கேட்கிறது, பஸ் கண்ணுக்குத் தெரிவதில்லை. பால் கேன் கட்டிய சைக்கிள் ஒன்று போகிறது. வெளிச்சம் பட்டை பட்டையாகத் தரையில் விழ ஆரம்பிக்கிறது. பூக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு அம்மா நடந்து வருகிறார். மேலே பஸ் வருகிற சத்தம் கேட்டதும், கூடை மேல் கிடந்த ஈரத்துணியை ஒரு கையால் இழுத்து மூடிக்கொள்கிறார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எத்தனை வருஷம் அந்த வழியில் நடந்திருந்தால் கை அப்படித் தானாகப் போகும்!

ஆறாவது நிமிடத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனுக்குச் சைக்கிள் செயின் கழன்றுவிடுகிறது. புத்தகப் பையை ஹேண்டில்பாரில் மாட்டி, குத்தவைத்து உட்கார்ந்து, செயினைப் பல்லில் ஏற்றி, பெடலைக் கையால் சுற்றிப் பார்த்து, கறைபட்ட விரலைத் தூணில் தேய்த்துவிட்டு ஏறிப் போகிறான். முக்கால் நிமிடம் இருக்கும். முதலில் அரங்கத்தில் சிரித்தார்கள். அப்புறம் சத்தம் அடங்கிப் போயிற்று. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் தன் பேரனிடம், "நம்ம பாலமாடே இது?" என்று மெதுவாகக் கேட்டார்.

நடுவராக வந்தவர் மைக்கில் சொன்னது இது: "எடுத்த விதம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா கதை எங்க? மெசேஜ் என்ன?"

பரிசு கிடைக்கவில்லை. அதுகூடப் போகட்டும். பென்டிரைவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே அவன் என்னிடம், "இனிமே கதையோடதான் எடுக்கணும் போல அண்ணாச்சி" என்றான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் 14 வருஷமாகப் பாளையில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன். சினிமா படித்தவன் இல்லை. ஆனால் ராத்திரி எடிட்டிங் முடிந்ததும் உலகத்தின் பழைய குறும்படங்களைத் தேடிப் பார்க்கிற பழக்கம் ரொம்ப நாளாக உண்டு. அதனால் அந்தப் பையனுக்கும் அவனைப் போன்றவர்களுக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீ செய்தது புதுசும் இல்லை, தப்பும் இல்லை. உனக்கு முன்னால் நூறு வருஷத்து வரிசை ஒன்று நிற்கிறது.

1921-லேயே பால் ஸ்ட்ராண்டும் சார்லஸ் ஷீலரும் நியூயார்க்கின் கட்டடங்களையும் கப்பலில் வந்து இறங்குகிற கூட்டத்தையும் வைத்துப் பத்து நிமிடம் ஓடுகிற படம் எடுத்துவிட்டார்கள். அதில் நாயகனும் இல்லை, வில்லனும் இல்லை. 1927-ல் வால்டர் ருட்மன் பெர்லின் நகரத்தின் ஒரு நாளை விடியலில் தொடங்கி ராத்திரி வரைக்கும் காட்டினார். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது, 1929-ல் ஆம்ஸ்டர்டாமில் யோரிஸ் இவன்ஸ் எடுத்த மழைப் படம். பன்னிரண்டு நிமிடம் சொச்சம். வெயிலடிக்கிற தெரு, காற்று, முதல் துளி, குடைகள், டிராம் கண்ணாடியில் வழிகிற தண்ணீர், அப்புறம் மழை விடுகிறது. அவ்வளவுதான். பார்த்தால் ஒரே மழை மாதிரி இருக்கும். ஆனால் மாதக்கணக்கில், மழை வந்தபோதெல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி, பல மழைகளில் எடுத்த துண்டுகளை ஒட்டியது அது. படத்தில் சத்தம் கிடையாது. ஹான்ஸ் ஐஸ்லர் 1941-ல் அதற்கென்றே ஓர் இசை எழுதினார். பன்னிரண்டு நிமிட மழைக்கு ஓர் இசைக்கலைஞர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்றால் அதில் எவ்வளவு இருக்க வேண்டும்!

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. மணி கவுல் 1980-ல், அரசாங்கத்தின் பிலிம்ஸ் டிவிஷனுக்காக, பம்பாய்க்கு வந்து சேருகிற ஆட்களையும் சரக்கையும் வைத்து ஒரு குறும்படம் எடுத்தார். காய்கறி வந்து இறங்குகிறது, ஆடு வந்து இறங்குகிறது, கூலியாட்கள் வந்து இறங்குகிறார்கள். மூன்றையும் ஒரே கண்ணால் பார்க்க வைத்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. யாரும் மைக் பிடித்து மெசேஜ் சொல்லவில்லை.

சோதனைப் படம் என்றால் கறுப்பு வெள்ளையில் போட்டு, கேமராவைத் தலைகீழாகப் பிடித்து, புரியாமல் எடுப்பது என்று இங்கே பல பேர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கதை என்கிற கைப்பிடியை விட்டுவிட்டால், பார்க்கிறவன் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்பதுதான் அந்தச் சோதனை. அந்தப் பையனின் படத்தில் கடைசி வரைக்கும் ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை.

இன்னொரு பேச்சும் உண்டு. "நகர வாழ்க்கைப் படம்னா சென்னைல போய் எடுக்கணும், நெல்லைல என்ன இருக்கு?" ஏன், நெல்லை நகரம் இல்லையா? 1994-லிருந்து மாநகராட்சி. அதுவும் ஒரே கடிகாரத்தில் ஓடுகிற ஊரா இது? பாளையில் காலை எட்டரை மணி என்றால் தெருவெல்லாம் யூனிஃபார்ம். டவுனில் சாயங்காலம் ஆனால்தான் கீழ ரதவீதியில் அல்வாவுக்கு வரிசை நிற்கும். மேலப்பாளையத்தில் ரம்ஜான் மாதம் ராத்திரிதான் பகல். ஜங்ஷனுக்குத் தூக்கமே கிடையாது. இந்த நாலையும் நாலு மாதிரி எடுத்து அடுக்கினாலே ஒரு படம் இருக்கிறது. டவுன் தெருக்களை வண்ணதாசனும் கலாப்ரியாவும் எழுத்தில் எவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறார்கள்! கேமராவுக்கு மட்டும் ஏன் அந்தக் கண் இன்னும் வரவில்லை?

வந்ததெல்லாம் ட்ரோன்தான். நானும் ட்ரோன் வைத்திருக்கிறேன், அது இல்லாமல் இப்போது கல்யாண ஆர்டர் வராது. ஆனால் நெல்லையப்பர் கோபுரத்துக்கு மேலே ஒரு சுற்று, சுலோசன முதலியார் பாலத்துக்கு மேலே ஒரு சுற்று, அப்புறம் ஒரு அரிவாள், ஒரு "ஏலே". இதை நம் பிள்ளைகளே எடுப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. மேலே இருந்து பார்த்தால் ஆறு தெரியும், ஆற்றில் துணி துவைக்கிறவரின் முகம் தெரியாது. 1843-ல் திறந்த பாலம் அது. கீழே இறங்கி, கல் வளைவுக்குப் பக்கத்தில் போய் நின்று, மேலே போகிற வண்டிச் சத்தத்தை ஒரு அஞ்சு நிமிடம் கேட்டுவிட்டு அப்புறம் கேமராவை ஆன் பண்ணுங்கள். எடுத்த சத்தத்தை அழித்துவிட்டு மேலே பாட்டைப் போடாதீர்கள். கல்யாண வீடியோவில் நாங்கள் அதைச் செய்வது வேறு வழியில்லாமல்.

இன்னொன்று என் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. 1955-ல் நியூயார்க்கின் தேர்ட் அவென்யூவில், தெருவுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ரயிலை நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஜோசப் கார்னெல் என்ற கலைஞர் ஸ்டான் பிராகேஜ் என்ற படக்காரரை அனுப்பி அதைப் படமெடுக்கச் சொன்னார். ஆறு நிமிடம், சத்தமே கிடையாது, ரயிலுக்குள் விழுகிற வெளிச்சமும் கண்ணாடியில் நெளிகிற கட்டடங்களும்தான். அந்த ரயில் இன்றைக்கு இல்லை. படம் இருக்கிறது. நம் பழைய ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை இடித்தபோது அப்படி யாரையும் நாம் அனுப்பவில்லை. என்னிடம் இருப்பது இருபது நொடி. ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கும்போது எடுத்தது. மாப்பிள்ளையின் அத்தை தலைக்குப் பின்னால் பழைய தூண் ஒன்று, பழக்கடை, கயிற்றில் தொங்குகிற பூவன் தார், தாருக்குப் பின்னால் நாகர்கோவில் பஸ்ஸின் பாதி முகம். போன வாரம் அந்த இருபது நொடியை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று தெரியாது. இந்த ஊரில் வீடியோ எடுக்கிற அத்தனை பேரின் ஹார்டு டிஸ்கிலும் இப்படிப் பின்னணியில் ஊர் ஒளிந்து கிடக்கிறது. தயவுசெய்து அழிக்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு முழுங்கி நின்றது. ஜங்ஷன் தண்ணீருக்குள் கிடந்தது. அந்த இரண்டு நாளில் இந்த ஊரில் போனைத் தூக்காத கை இல்லை. இவன்ஸுக்கு ஒரு மழையைக் காட்டப் பல மழைகள் தேவைப்பட்டன. நமக்கு ஒரே மழை, ஆயிரக்கணக்கான கைகளில் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் ஸ்டேட்டஸில் போட்டதோடு முடிந்தது. போன் மாற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டும் இருக்கிறது.

அதனால் நானும் அந்தப் பையனும் ஒரு முடிவு செய்திருக்கிறோம். அந்த இரண்டு நாள் வீடியோக்களைச் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு படமாகக் கோக்கப் போகிறோம். பேட்டி இல்லை, சோகப் பாட்டு இல்லை, தலைவர்கள் படகில் வருகிற காட்சி இல்லை. உங்கள் போனில் இருப்பதை ஒரிஜினலாகக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் சுருங்கிவிடும், பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் நல்லது. யார் எடுத்தது, எந்தத் தெரு, எத்தனை மணி என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம், தெரிந்தவர்கள் நேரில் வரலாம், மற்றவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். ஆடியிருந்தால், இருட்டாக இருந்தால், விரல் பாதியை மறைத்திருந்தால் பரவாயில்லை. உங்களுக்குப் பிரயோசனம் இல்லை என்று படுவதைத்தான் முதலில் கேட்கிறேன்.

இதுவரை 11 பேர் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று, ஒரு வீட்டின் மாடிப்படியை மேலே இருந்து எடுத்தது. கரண்ட் இல்லை, டார்ச் வெளிச்சம் மட்டும். பழுப்புத் தண்ணீர் படி படியாக ஏறி வருகிறது, ஒரு ஒற்றைச் செருப்பு மிதந்து வந்து சுவரில் இடிக்கிறது. போனைப் பிடித்திருக்கிறவர் மூச்சு விடுகிற சத்தம். பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை, முகம் தெரியவில்லை, தண்ணீருக்கு மேலே மிச்சம் இருக்கிற படியை எண்ணிக்கொண்டிருக்கிறது. முதலில் ஒன்பது. கொஞ்ச நேரம் கழித்து எட்டு.