"வழிகாட்டியைப் படிக்கவும்" என்பது ஒரு பதிலா?

நேற்று ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டில் (நிரலை எல்லோரும் பார்த்து, திருத்தம் அனுப்பக்கூடிய ப்ராஜெக்ட்) ஒருவரின் புல் ரிக்வெஸ்ட்டை, அதாவது "என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற கோரிக்கையை, மூடிய விதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதினோரு நாள் காத்திருந்த புதியவருக்குக் கிடைத்தது இரண்டே சொல்: "வழிகாட்டியைப் படிக்கவும்." நான் படித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தேன். அதில் ஓட்டச் சொல்லியிருக்கும் டெஸ்ட் ஸ்கிரிப்ட் (நிரல் சரியா என்று சோதிக்கும் கோப்பு) அந்த ரெப்போவிலேயே, ப்ராஜெக்ட்டின் நிரல் இருக்கும் இடத்திலேயே, இல்லை. இல்லாததை அவர் எப்படி ஓட்டுவார்?

திருத்தம் அனுப்புகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பங்களிப்பு வழிகாட்டியும் நிரலின் ஒரு பகுதிதான். நிரல் மாறினால் அதுவும் மாற வேண்டும். 2012லிருந்து, இப்படிப்பட்ட ப்ராஜெக்ட்டுகளை வைத்திருக்கும் தளமான கிட்ஹப் அந்தக் கோப்பின் இணைப்பை, புல் ரிக்வெஸ்ட் திறக்கும் இடத்திலேயே காட்டுகிறது. புதிதாக வருகிறவர் நம்மை நம்பிப் படிக்கும் பக்கம் அது. அதில் பொய் இருக்கலாமா?

எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் உண்டு. நான் அனுப்ப நினைத்த முதல் பேட்ச்சுக்கும் (நிரல் திருத்தத்துக்கும்) இதே கதிதான். வழிகாட்டியில் இருந்தபடியே இரண்டு ராத்திரி பில்ட் செய்து (நிரலை ஓடும் மென்பொருளாக்கி) பார்த்தேன், வரவில்லை. எனக்குத்தான் அறிவு போதவில்லை என்று நினைத்தேன். கேட்கக் கூச்சம். அந்த பில்ட் முறையையே அவர்கள் எப்போதோ கைவிட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் இரண்டு வருடம் நான் யாருக்கும் ஒரு வரி அனுப்பவில்லை.

"மெயின்டெய்னர்கள் சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள்" என்று, ப்ராஜெக்ட்டைப் பராமரிப்பவர்களுக்காகப் பேச வருவீர்கள். நானும் ஒரு சின்ன ப்ராஜெக்ட்டின் மெயின்டெய்னர்தான், அந்தக் களைப்பு தெரியும். புதியவருக்கு மட்டும் யார் சம்பளம் கொடுத்தார்கள்?

"குப்பையாக வந்து குவிகிறதே" என்பீர்கள். உண்மை. 2020 அக்டோபரில், புல் ரிக்வெஸ்ட் அனுப்புவோருக்குப் பரிசு தரும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் டி-ஷர்ட்டுக்காக ரீட்மியில் (ப்ராஜெக்ட்டின் அறிமுகக் கோப்பில்) ஒரு சொல்லை மாற்றி அனுப்பியவர்களால் பலர் நொந்துபோனார்கள். விரும்பிச் சேரும் ப்ராஜெக்ட்டுகளுக்கு மட்டும் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டி வந்தது. ஆனால் இவர் அனுப்பியது ஒரு பிழைத்திருத்தம். டெஸ்ட்டும் எழுதியிருந்தார்!

விதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஒவ்வொரு பேட்ச்சிலும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரி, அதாவது இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று பெயர் போட்டு உறுதி தரும் வரி, கேட்கிறார்கள். 2003ல், லினக்ஸில் தங்கள் நிரல் இருக்கிறது என்று எஸ்சிஓ நிறுவனம் போட்ட வழக்கு வந்தது, எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தது, 2004ல் அந்த நடைமுறை வந்தது. எதற்கு உறுதி கொடுக்கிறோம் என்ற வாசகம் முழுவதும் அவர்கள் வழிகாட்டியிலேயே இருக்கிறது. போடுகிறவருக்கு எதற்காகப் போடுகிறோம் என்று தெரியும். அப்படி எழுதுங்கள்.

என் ப்ராஜெக்ட்டுக்கு வழிகாட்டி எழுதியபோது, அதைப் பார்த்தே இராத ஒரு நண்பரைப் புது கணினியில் உட்காரவைத்து, பக்கத்தில் வாய் திறக்காமல் இருந்தேன். நான்காவது படியிலேயே நின்றுவிட்டார். என் கணினியில் எப்போதோ நான் செட் செய்து மறந்துபோன ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் (நிரல்கள் படித்துக்கொள்ளும் ஒரு அமைப்பு) அவரிடம் இல்லை. அவர் முகத்தில், அந்த இரண்டு ராத்திரி என் முகத்தில் இருந்த அதே கூச்சம். தப்பு என்னுடையது, கூச்சம் அவருக்கு.

நேற்று மூடப்பட்டவரும் இப்போது தன் அறிவைத்தான் நொந்துகொண்டிருப்பார். அந்த ஸ்கிரிப்ட் வரியைத் திருத்தி இன்று காலை நானே ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கிறேன். அவருடையதைத் திரும்பத் திறக்கச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். இதை எழுதும்வரை பதில் இல்லை.