ஐஸ் சோதனைக்கு முன் மாத்திரையை நிறுத்துங்கள்
குளிர் பட்டால் தோலில் தடிப்பு எழும் நோய் (cold urticaria) பற்றிய உங்கள் கட்டுரையில், ஜனவரியில் ஸ்கூட்டரில் போனாலே கை தடித்துப்போகும் டெல்லிவாசிகளுக்கு, ஐஸ் கட்டி வைத்துப் பார்த்தாலே அது தெரிந்துவிடும் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தடிப்பு எழாமலே போகலாம்; டாக்டரிடம் கேட்டு 3 நாளாவது நிறுத்தியிருக்க வேண்டும். உருகும் ஐஸை மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு முன்கையில் 5 நிமிடம் வைத்து எடுப்பார்கள். முடிவைப் பார்ப்பது 10 நிமிடம் கழித்துத்தான். வெறும் சிவப்பு கணக்கில் சேராது, தோல் மேடாக எழும்ப வேண்டும்.

ஆய்வுகளில் எத்தனை டிகிரியில் தடிக்கத் தொடங்குகிறது என்றும் அளக்கிறார்கள். பிலாஸ்டின் என்ற அலர்ஜி மாத்திரையை 20 மி.கி.யிலிருந்து 80 வரை கூட்டியபோது அந்த எல்லை நன்றாகக் கீழே இறங்கியது. அதற்கும் அடங்காதவர்களில் பலருக்கு ஒமாலிசுமாப் என்ற ஊசி மருந்து பலன் தந்திருக்கிறது. மாத்திரையின் அளவை மட்டும் நீங்களாகக் கூட்டாதீர்கள். குளிரால் ஒருமுறை மூச்சு முட்டியோ மயங்கியோ இருந்தால், தயவுசெய்து நீச்சல் குளத்தில் இறங்கவே வேண்டாம்.